அழ வைக்கும் படமும் ஆளை மாற்றும் படமும்

"பார்த்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் நல்ல மனுஷனாக இருக்கணும் என்று தோன்ற வைக்கும் படங்கள் எவை? ஒரு படம் நிஜமாகவே ஒருவரை மாற்றிவிடுமா?" என்பது கேள்வி. இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். எந்தப் படங்களைச் சொல்வது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மாற்றும். காந்தி சிறு வயதில் பார்த்த அரிச்சந்திரன் நாடகத்தைப் பற்றி சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். எத்தனை முறை பார்த்தும் சலிக்கவில்லை, மனதுக்குள்ளேயே கணக்கில்லாத தடவை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்தேன், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டேன் என்கிறார். அது நாடகம்தான், சினிமா இல்லை. ஆனால் இயக்குநர் பால்கே 1913-இல் இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை எடுத்தபோது தேர்ந்தெடுத்ததும் இதே கதையைத்தான்.

ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிமோன் ஷ்னால் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலருக்கு மனதை நெகிழ வைக்கும் காட்சி ஒன்றைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு இயற்கை பற்றிய ஆவணப்படமோ நகைச்சுவைக் காட்சியோ. அப்புறம் சலிப்பூட்டும் கணக்குத் தாள் ஒன்றைக் கொடுத்து, விருப்பம் இருந்தால் உதவுங்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றார்கள். நெகிழ்ச்சியான காட்சியைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்து உதவினார்கள்.

இதே சக்தி எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1915-இல் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' கறுப்பின மக்களைக் கொடியவர்களாகவும், கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தைக் காவலர்களாகவும் காட்டியது. அமெரிக்காவில் ஓய்ந்து கிடந்த அந்த இயக்கம் அதே ஆண்டில் மறுபடி தொடங்கப்பட்டது. ஆள் சேர்க்கவும் அந்தப் படம் பயன்பட்டது. பார்த்தவர்கள் அரங்கில் உணர்ச்சிவசப்பட்டார்கள், நல்லவர் பக்கம் நிற்பதாகத்தான் நம்பினார்கள். ஆகவே ஒரு படம் நம்மை உலுக்கிவிட்டது என்பதே அது நம்மை உயர்த்தியது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இங்கே எனக்கு வில்லியம் ஜேம்ஸ் சொன்னது முக்கியமாகப் படுகிறது. அமெரிக்க உளவியலின் முன்னோடி அவர். 1890-இல் வெளிவந்த பெரிய நூலில், பழக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தில், ஒரு ரஷ்யச் சீமாட்டியைப் பற்றி எழுதுகிறார். நாடகத்தில் வரும் கற்பனை மனிதர்களுக்காக அவள் உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். இந்த மாதிரி இவ்வளவு அப்பட்டமாக இல்லாமல் எல்லா இடத்திலும் நடக்கிறது என்கிறார் ஜேம்ஸ். உணர்ச்சி வந்து, அது எந்தச் செயலிலும் போய் முடியாமல் ஆறிவிட்டால், அடுத்த முறையும் அப்படியே ஆறிப்போகப் பழகிக்கொள்கிறது என்பது அவருடைய கவலை. அவர் சொல்லும் மருந்து மிகச் சின்னது. கச்சேரியோ நாடகமோ பார்த்து மனம் பொங்கினால், அன்றைக்கே ஏதாவது ஒன்று செய்துவிடு. குதிரை டிராமில் எழுந்து இடம் கொடுப்பதாகவோ, வீட்டுப் பெரியவளிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசுவதாகவோ இருந்தால்கூடப் போதும் என்கிறார்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். மகானைக் காட்டி நம்மைக் கைதட்ட வைக்கும் படங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. இரண்டரை மணி நேரம் நாயகனின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் எதிரிகளைத் திட்டி, அவன் வலிக்கு அழுது முடித்ததும், நாமும் அவனைப் போல ஒருவன் என்ற திருப்தியோடு எழுந்துவிடுகிறோம். வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். மாற்றுகிற படம் அந்த இருக்கையை நமக்குத் தராது. நாம் நாளைக்கே செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதான ஒரு நல்ல காரியத்தை, அதற்கு ஆகும் விலையோடு காட்டும். அல்லது தப்பு செய்கிற ஆளின் முகத்தில் நம் முகத்தைக் காட்டும்.

இந்த இரண்டையும் ஒரே படத்தில் செய்தவர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா. 1952-இல் வந்த 'இகிரு'. வதனபே என்ற நகராட்சி அலுவலகப் பிரிவுத் தலைவர், முப்பது வருடங்களாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் கோப்புகளில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். கூட வேலை செய்யும் இளம்பெண் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மம்மி', அதாவது பதப்படுத்திய பிணம். சாக்கடை தேங்கிக் கிடக்கும் இடத்தைச் சரிசெய்து குழந்தைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று சில தாய்மார்கள் மனுவோடு வருகிறார்கள். அங்கே போ, இங்கே போ என்று ஒவ்வொரு மேசையாக அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் புறப்பட்ட மேசைக்கே திரும்பி வருகிறார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் ஒரு தடவையாவது வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கமே வேண்டியதில்லை.

வதனபேக்கு இரைப்பைப் புற்றுநோய். சில மாதங்கள்தான் மிச்சம் என்று தெரிகிறது. குடித்துப் பார்க்கிறார், இரவுக் கேளிக்கைகளில் சுற்றிப் பார்க்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை. அவருக்கு 'மம்மி' என்று பேர் வைத்த பெண் இப்போது பொம்மைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உன்னால் மட்டும் எப்படி இவ்வளவு உயிர்ப்போடு இருக்க முடிகிறது என்று ஒரு உணவகத்தில் அவளைக் கேட்கிறார். அவள் தான் செய்யும் முயல் பொம்மையை மேசைமேல் ஓடவிட்டு, இதைச் செய்யும்போது ஜப்பானில் உள்ள எல்லாக் குழந்தைகளோடும் விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். தான் என்ன செய்யலாம் என்று வதனபேக்குச் சட்டெனப் பிடிபடுகிறது. பொம்மையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடுகிறார். அதே நேரம் வேறு யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து பாட ஆரம்பிக்கிறார்கள். பாட்டு அவருக்கே பாடியது போல அமைந்துவிடுகிறது. மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தாய்மார்களின் மனுவைத் தேடி எடுக்கிறார்.

வேறு எந்த இயக்குநரும் இதற்கப்புறம் அவர் போராட்டத்தையும் வெற்றியையும் காட்டி, நம்மை நிறைவாக அழவிட்டு அனுப்பியிருப்பார். குரோசவா அந்த இடத்தில் கதையை வெட்டுகிறார். ஐந்து மாதம் கழித்து அவர் இறந்துவிட்டார் என்று ஒரு குரல் சொல்கிறது. மிச்சப் படம் முழுக்கத் துக்க வீடு. பூங்கா கட்டப்பட்டுவிட்டது, துணை மேயர் அதைத் தன் சாதனையாகப் பேசிவிட்டுப் போகிறார். சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே, அந்த மனுஷன் எதற்காக அப்படி மாறினார் என்று வாதம் செய்கிறார்கள். அவர் செய்ததெல்லாம் அவர்களுடைய நினைவுகளில் துண்டுதுண்டாகத்தான் நமக்குத் தெரியவருகிறது. பிரிவு பிரிவாகப் போய்த் தலை குனிந்து நின்றது, முடியாது என்றவர்களின் முன்னால் நகராமல் காத்திருந்தது, மிரட்ட வந்த ரவுடிகளைப் பார்த்துச் சும்மா புன்னகைத்தது. இவ்வளவு அவமானப்படுத்துகிறார்களே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, மனுஷர்களை வெறுத்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்கிறார். எனக்கு இந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய தியாகி பேசுகிற வசனம் கிடையாது. வேலை பாக்கி இருக்கிற ஒருவர் சொல்கிற சாதாரணப் பதில்.

போதை ஏற ஏற ஊழியர்கள் உருகுகிறார்கள். இனி நாமும் வதனபேயைப் போல உழைப்போம் என்று அழுதுகொண்டே சபதம் செய்கிறார்கள். அடுத்த காட்சி அலுவலகம். சாக்கடைப் பிரச்சினை என்று ஒரு புது மனு வருகிறது. வதனபேயின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அதை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே ஒரு ஊழியர் மட்டும் தாங்கமுடியாமல் எழுந்து நிற்கிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். மெல்ல உட்கார்கிறார், கோப்புக் குவியலுக்குப் பின்னால் அவர் முகம் மறைந்துபோகிறது.

ஒரு படத்தைப் பார்த்து நெகிழ்ந்த நமக்கு மறுநாள் காலையில் என்ன ஆகும் என்பதை இந்தப் படம் தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. துக்க வீட்டில் சபதம் செய்கிறவர்கள் நாம்தான். எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்துவிட்டவரும் நாம்தான். இதைப் பார்த்த பிறகு நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போவது கஷ்டம். 2022-இல் கசுவோ இஷிகுரோ திரைக்கதையில், பில் நை நடிப்பில் 'லிவிங்' என்ற பெயரில் இதை ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார்கள். அதுவும் நல்ல படம், ஆனாலும் மூலத்தை முதலில் பார்ப்பதுதான் நியாயம்.

சின்ன காரியம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இதைவிடச் சின்னதாக ஒரு கதை கிடைக்காது: ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1987-இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?'. நோட்டில் வீட்டுப்பாடம் எழுதிவராவிட்டால் அடுத்த முறை பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் ஒரு பையனைக் கண்டிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அகமது என்ற பையன் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், அந்த நண்பனின் நோட்டும் தவறுதலாக இவனிடமே வந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி அட்டை. நண்பன் பக்கத்து ஊர். வீடு தெரியாது.

துணி துவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறான். நான் போய்க் கொடுக்கணும் என்கிறான். நீ வீட்டுப்பாடம் எழுது என்கிறாள். அவனை வெளியேற்றிவிடுவார்கள் என்கிறான்; குழந்தையைப் பார்த்துக்கொள் என்கிறாள். கொடுமைக்காரி எல்லாம் இல்லை. அவளுக்குத் தலைக்குமேல் வேலை, பையன் விளையாடப் போகச் சாக்கு சொல்கிறான் என்று நினைக்கிறாள். நாம் நம் குழந்தைகளிடம் எத்தனை தடவை இப்படிப் பதில் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இந்தக் காட்சியைப் பாருங்கள், நீளமாகத்தான் தெரியும். கடைசியில் பையன் சொல்லாமல் கொள்ளாமல் குன்றின் வளைந்த பாதையில் ஓடுகிறான். வழியில் தாத்தா பிடித்துக்கொண்டு சிகரெட் எடுத்து வரச் சொல்கிறார். அவரிடமே சிகரெட் இருக்கிறது. கீழ்ப்படிதலைக் கற்றுக்கொடுக்கத்தான் அனுப்புகிறாராம். பெரியவர்கள் எல்லோரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒழுக்கமான காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் ஒரே ஆளை அவர்கள்தான் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு கிடைப்பதில்லை. இருட்டிவிடுகிறது. அகமது திரும்பி வந்து, ராத்திரி உட்கார்ந்து நண்பனின் வீட்டுப்பாடத்தையும் தானே எழுதிவிடுகிறான். மறுநாள் நோட்டு சரியான நேரத்துக்கு நண்பன் கைக்குப் போய்ச் சேர்கிறது. இன்னொருவன் பாடத்தை எழுதிக்கொடுப்பது விதிப்படி பார்த்தால் தப்புதான். ஆனால் நல்லவனாக இருப்பதும் சொன்னபடி கேட்பதும் ஒன்று இல்லை என்பதைக் குழந்தைகளுக்குப் புரியும்படி சொன்ன இன்னொரு படத்தை நான் பார்க்கவில்லை. குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டிய படம். அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' 1957-இல் வந்தது, ஏறக்குறைய முழுக்க ஒரே அறைக்குள் நடக்கும் படம். தகப்பனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனின் உயிர் பன்னிரண்டு ஜூரிகளின் கையில், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்பட்ட சாதாரண மனிதர்களின் கையில். முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரி மட்டும் மறுக்கிறார். அவருக்கும் அந்தப் பையன் நிரபராதி என்று தெரியாது. ஒரு உயிரைச் சாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் பேசலாமே என்றுதான் கேட்கிறார். தைரியம் என்றால் உறுதியான நம்பிக்கை வேண்டும் என்று நினைக்கிறோம். இங்கே ஒருவர் சந்தேகத்தை வைத்துக்கொண்டே தைரியமாக நிற்கிறார். அவரோடு முதலில் சேரும் கிழவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். வாதத்தில் தோற்று அவர் மாறவில்லை. இவ்வளவு பேருக்கு எதிராகத் தனியாக நிற்கிற மனுஷனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று மாறுகிறார். அலுவலகக் கூட்டத்திலோ குடும்பப் பேச்சிலோ தனியாக நிற்கும் ஒருவருக்குப் பக்கத்தில் இரண்டாவதாகப் போய் நிற்பது நம் எல்லோராலும் முடியும். எட்டாம் ஜூரியாக முடியாதவர்களும் அந்தக் கிழவராக இருக்கலாம்.

கல்லூரிக் காலத்தில் இந்தப் படம் பார்த்தது சட்டத் துறைக்கு வருவதற்கு ஒரு உந்துதலாக இருந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் சொல்லியிருக்கிறார். நிஜ வழக்கில் ஜூரிகள் இந்தப் படத்தில் வருவது போலத் தாமாகவே துப்பு துலக்கக் கூடாது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். படத்தை நேசிப்பது, அதை அப்படியே நகல் எடுப்பது, இரண்டும் வேறு என்று தெரிந்த ஒருவரின் பேச்சு அது.

இன்னொரு வகைப் படங்கள் உண்டு என்றேன், தப்பு செய்கிறவரில் நம்மைக் காட்டும் படங்கள். இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். சைக்கிளைப் பறிகொடுத்து நாள் முழுக்கத் திருடனைத் தேடியவன், கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடி மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். அதற்கப்புறம் 'திருடன்' என்ற சொல்லை முன்போலச் சுலபமாக உச்சரிக்க முடியாது.

தமிழில் இந்த வகையில் என்னை மிகவும் பாதித்தது மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து சட்டக் கல்லூரிக்கு வரும் பரியனோடு சேர்ந்து நாம் அவமானப்படுகிறோம், கோபப்படுகிறோம், சரி. ஆனால் இந்தப் படத்தில் நம்மில் பலர் உற்றுப் பார்க்க வேண்டிய முகம், அவனோடு படிக்கும் ஆதிக்கச் சாதிப் பெண் ஜோவின் அப்பா. மாரிமுத்து நடித்த பாத்திரம். அவர் அரிவாள் தூக்குகிற ஆள் இல்லை. திருமண வீட்டில் சொந்தக்காரர்கள் பரியனை அறைக்குள் அடைத்து அடிக்கும்போது பதறுகிறார், கெஞ்சுகிறார். என் மகள் உயிரையும் உன் உயிரையும் நினைத்து விலகிப் போ என்று அடிவாங்கியவனிடமே வேண்டுகிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நல்ல மனசால் அடிக்கிற கையைப் பிடிக்க முடியவில்லை. அடிவாங்கியவனைத்தான் விலகச் சொல்ல முடிகிறது. சாதியை நான் பார்ப்பதில்லை, ஆனால் ஊர் உலகம் இருக்கிறதே என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தில் வலிக்க வேண்டும். கடைசிக் காட்சியில் நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை எதுவும் மாறாது என்ற பொருளில் பரியன் அவரிடம் பேசுவது, நேராக நம்மிடம் பேசுவதுதான்.

'அன்பே சிவம்' பற்றிச் சொல்லாமல் முடித்தால் கோபித்துக்கொள்வீர்கள். 2003-இல் திரையரங்கில் ஓடாத படம், பிறகு தொலைக்காட்சி வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாத பையனுக்காக அழுகிற மனசுதான் கடவுள் என்று கமல்ஹாசன் நடித்த நல்லசிவம் சொல்லும் வசனத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். அந்த வசனம் எப்போது வருகிறது என்பதை மட்டும் சேர்த்துப் பகிரலாம். விபத்தில் அடிபட்ட பையனுக்கு, நல்லசிவத்தோடு பயணம் செய்யும் அன்பரசு தன் ரத்தத்தைக் கொடுத்த பிறகும் அந்தப் பையன் பிழைக்காமல் போகிறான். அப்போதுதான் அன்பரசு அழுகிறான். கை முதலில் நீண்டது, கண்ணீர் பின்னால் வந்தது. ஜேம்ஸின் சீமாட்டியிடம் தலைகீழாக இருந்தது இந்த வரிசைதான்.

எப்படிப் பார்ப்பது என்றும் கேட்பீர்கள். ஒரே வாரத்தில் இத்தனையையும் பார்த்துத் தீர்க்க வேண்டாம். நெகிழ்ச்சியும் பழகிப்போகும். ஒன்று பார்த்தால் சில நாள் அதோடு இருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது "இதை என் தம்பி பார்க்கணும், எங்கள் மேலதிகாரி பார்க்கணும்" என்று தோன்றினால் அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். படம் நம்மைத் தொட வந்த இடமும் நாம் நழுவி அடுத்தவரை முன்னால் தள்ளிய இடமும் பெரும்பாலும் அதுதான். திருத்துவதற்காக யாருக்கும் படம் அனுப்பாதீர்கள், அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கியரோஸ்தமி. கறுப்பு வெள்ளைப் படம் பழக்கமில்லாதவர்கள் '12 ஆங்ரி மென்'னில் தொடங்கலாம், ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. 'இகிரு' தனியாகப் பார்க்க வேண்டிய படம். வதனபே இறந்ததும் கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். 'பரியேறும் பெருமாள்' மட்டும் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும், ஜோவின் அப்பா அந்த அறையில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வயதில் மூத்தவர்களிடம் கடைசியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் சின்னவர்கள் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.